கூரையில் தொடங்க வேண்டிய பக்கம்: மீசோதெலியோமாவும் இணைய விழிப்புணர்வும்

அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 3,000 பேருக்கு வரும் நோய் மீசோதெலியோமா. அங்கே மார்பகப் புற்றுநோய் கண்டறியப்படும் பெண்களின் எண்ணிக்கையில் இது நூறில் ஒரு பங்கு. ஆனால் கூகுளில் விளம்பரதாரர்கள் ஏலம் கேட்கும் சொற்களில் மிக அதிக விலை போனவற்றுள் இந்நோயின் பெயரும் ஒன்று. ஒரே ஒரு கிளிக்குக்கு நூறு டாலருக்கு மேல் கொடுத்த காலம் உண்டு. அந்த விலைக்கு ஏற்ற பளபளப்போடு ஆங்கிலத்தில் தளங்கள் குவிந்து கிடக்கின்றன. இந்தியாவோ உலகிலேயே மிக அதிகமாக ஆஸ்பெஸ்டாஸ் இறக்குமதி செய்யும் நாடு. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் கீழ் உறங்கும் கோடிக்கணக்கானவர்களின் மொழிகளில் இந்நோயைப் பற்றி உருப்படியான ஒரு பக்கத்தைத் தேடி எடுப்பது பெரும்பாடு.

இரண்டு நிலைகளுக்கும் காரணம் ஒன்றே என்பது என் வாதம். விழிப்புணர்வுத் தளம் என்றதும் வண்ணம், எழுத்துரு, ரிப்பன் சின்னம் என்று பேச்சு போகிறது. அவையெல்லாம் பின்னால் வருபவை. பணம் போடுகிறவர் யார், பக்கத்தை மூடிய பிறகு வாசகர் என்ன செய்ய வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கிறார் ஆகிய இரண்டும் முடிவான அன்றே தளத்தின் முதல் திரை ஏறக்குறைய வரைந்து முடிந்துவிடுகிறது.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. நுரையீரலைச் சுற்றி ஒரு மெல்லிய உறை உண்டு. வயிற்றறையின் உட்புறத்திலும் அதே வகை உறை உண்டு. அந்த உறையில் எழும் புற்று இது. பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் இழைகளைச் சுவாசித்ததால் வருகிறது. இழை உள்ளே போனதற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையே 20 முதல் 50 ஆண்டுகள் வரை ஓடிவிடும். நெஞ்சில் நீர் கோத்து, மூச்சு வாங்கி, மருத்துவரிடம் போகும்போது நோய் முற்றியிருப்பதே வழக்கம். அதன்பின் நோயாளிகளில் பாதிப் பேர் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருப்பதில்லை.

தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு கேப் பகுதியில் நீல ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கங்களைச் சுற்றி வாழ்ந்தவர்களிடம் இந்த நோயைக் கண்டு, 33 பேரின் விவரங்களை வாக்னரும் உடனிருந்த இரு மருத்துவர்களும் 1960இல் வெளியிட்டார்கள். அதில் சுரங்கத்துக்குள் இறங்கியே இராதவர்களும் இருந்தனர். 1965இல் லண்டனில் மோலி நியூஹவுஸும் ஹில்டா தாம்ப்சனும் செய்த ஆய்வு இன்னும் ஒரு படி போனது. ஆஸ்பெஸ்டாஸ் ஆலைக்கு அரை மைல் சுற்றளவில் குடியிருந்தவர்களும், ஆலைக்குப் போய் வந்தவர்களின் வீட்டாரும் நோயாளிகள் பட்டியலில் இருந்தார்கள். தூசி படிந்த வேலைச் சட்டையை உதறித் துவைத்த மனைவியும் ஆலைத் தொழிலாளியைப் போலவே ஆபத்தில் இருந்திருக்கிறார். நியூயார்க்கில் இர்விங் செலிகாஃப் 1964இல் வெப்பக்காப்பு வேலை செய்தவர்களைப் பின்தொடர்ந்து எழுதியதும் இதே காலம்தான். ஆகவே, அறிவியலுக்கு இது அறுபது ஆண்டுப் பழைய செய்தி. பொதுமக்களுக்கு அதை யார் கொண்டு போனார்கள், எதற்காக என்பதில்தான் கதை இருக்கிறது.

வேறு பல புற்றுநோய்களில் விழிப்புணர்வின் பாடம் எளிது: அறிகுறியைத் தெரிந்துகொள், சீக்கிரம் போ, பிழைப்பாய். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குத் தடுப்பூசியும் பரிசோதனையும் இருக்கின்றன. வாய்ப்புற்றுக்குக் கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பார்ப்பதே முதல் படி. மீசோதெலியோமாவுக்கு அந்தப் பாடம் செல்லாது. நலமாக இருப்பவரிடம் முன்கூட்டியே கண்டுபிடித்து உயிரைக் காக்கும் என்று நிரூபிக்கப்பட்ட பரிசோதனை எதுவும் இதற்கு இல்லை. அறிகுறிப் பட்டியலை முகப்பில் போட்டு, ‘இவற்றில் ஏதாவது உங்களுக்கு இருக்கிறதா?’ என்று கேட்கும் தளம் பயத்தை விநியோகிக்குமே தவிர ஆயுளைக் கூட்டாது. இருமல் இல்லாத மனிதர் யார்?

அப்படியானால் இந்த நோய்க்கு விழிப்புணர்வு என்பதே வீணா? இல்லை. மூன்று வேறு வேலைகள் இருக்கின்றன. இழை இன்னும் உள்ளே போகாமல் தடுப்பது. இழை ஏற்கனவே உள்ளே போய்விட்டவர், எங்கே, எந்த ஆண்டில், என்ன வேலையில் என்பதைப் பதிவு செய்து வைப்பது. நோய் வந்துவிட்டவருக்கும் குடும்பத்துக்கும் உண்மையான தகவலும் உரிய ஈட்டுத்தொகையும் கிடைக்கச் செய்வது. முதல் வேலைக்கு வாசகர் கட்டடத் தொழிலாளி. இரண்டாவதற்கு ஓய்வுபெற்றவர். மூன்றாவதற்கோ, நடு இரவில் கைப்பேசியில் அப்பாவின் நோயின் பெயரைத் தேடிக்கொண்டிருக்கும் மகளோ மகனோ. மூவரையும் ஒரே முகப்பில் நிறுத்த முடியாது. யாரை முன்னால் நிறுத்துவது என்பதில் நாடுகள் பிரிகின்றன.

அமெரிக்கா மூன்றாமவரை முன்னால் நிறுத்தியது. காரணம் கருணை மட்டும் இல்லை. 1973இல் போரெல் வழக்கின் தீர்ப்பு, ஆபத்தைத் தெரிவிக்காமல் ஆஸ்பெஸ்டாஸ் பொருள் விற்ற நிறுவனங்களிடம் தொழிலாளி ஈடு கேட்கலாம் என்று வழிவிட்டது. 1977இல் பேட்ஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யலாம் என்றது. வழக்குகள் குவிந்து, 1982இல் ஜான்ஸ்-மேன்வில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அதைப் பின்பற்றிப் பல நிறுவனங்கள் அதே வழியில் போயின. நோயாளிகளுக்காக அவை ஒதுக்கி வைத்த அறக்கட்டளை நிதிகளின் மொத்தத் தொகை 3,000 கோடி டாலரைத் தாண்டும். ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வழக்கறிஞருக்குப் போகும். 2002இல் கூகுள் சொற்களைக் கிளிக் கணக்கில் ஏலம் விடத் தொடங்கியபோது, நோயாளியைத் தேடிக் காத்திருந்தவர்களுக்கு அது வரமாக வந்தது. 2003இல் யாருடைய பக்கத்திலும் விளம்பரம் போட்டுப் பங்கு தரும் ஆட்சென்ஸ் திட்டம் வந்ததும், மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் சம்பந்தமே இல்லாதவர்கள்கூட மீசோதெலியோமா பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். எழுதினார்கள் என்பதைவிட, ஒரே பத்தியைப் புரட்டிப் போட்டு நிரப்பினார்கள் என்பது பொருந்தும். நோயின் பெயர் நூறு முறை வரும். படித்து முடித்தால் ஒன்றும் மிஞ்சாது.

இந்தப் பணம் எழுப்பிய தளங்களின் உடற்கூறைப் பார்த்தாலே நோக்கம் விளங்கும். வழக்கறிஞர் நிறுவனம் என்று முகப்பில் எழுதியிருக்காது. நோயாளிகளின் உதவி மையம் போன்ற பெயர். வெளிர் நீலம், வெள்ளை, சிரித்த முகத்துடன் செவிலியர். இலவசப் புத்தகம் அனுப்புகிறோம், முகவரி தாருங்கள் என்ற பெட்டி. வலது மூலையில் உடனே பேச வரும் அரட்டைச் சாளரம். படிவத்தில், கடற்படையில் பணியாற்றினீர்களா என்றொரு கேள்வி. கப்பல்களில் கொதிகலன், குழாய் எல்லாவற்றுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் சுற்றியிருந்த காலத்தில் வேலை செய்தவர்கள் அதிகம் என்பதால். இந்தத் தளம் இன்ன சட்ட நிறுவனத்தின் நிதியில் நடக்கிறது என்ற வரி அடியில், சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில்.

இதை வெறும் வேட்டை என்று தள்ளிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். பல மாநிலங்களில் நோய் கண்டறிந்து ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்காவிட்டால் உரிமை போய்விடும். ஓராண்டு ஆயுள் மிஞ்சியிருக்கும் மனிதருக்கு அதைத் துரத்தித் துரத்திச் சொல்ல ஆள் இருந்தது நல்லதே. மருத்துவர் பட்டியல், சோதனைச் சிகிச்சைகள் நடக்கும் இடங்கள், சிகிச்சைக்கான தங்குமிடம் என்று பயனுள்ள விவரங்களும் அவற்றில் உண்டு. பலருக்கு இந்த நோயின் பெயரே தொலைக்காட்சி வழக்கறிஞர் விளம்பரத்தால்தான் தெரியும். ஆனால் அந்தத் தளங்களில் எது மெலிந்திருக்கிறது என்று பாருங்கள். பழைய வீட்டை இடிக்கும் கூலியாள் இன்று என்ன செய்ய வேண்டும் என்பது மூலையில் கிடக்கும். அவர் இன்னும் நோயாளி ஆகவில்லையே; வழக்கு இல்லை, கட்டணமும் இல்லை. அமெரிக்காவில் தடைக்காகவும் தடுப்புக்காகவும் பேசும் பக்கங்களை நடத்துவது பெரும்பாலும் 2004இல் லிண்டா ரைன்ஸ்டீனும் டக் லார்க்கினும் தொடங்கிய ஆஸ்பெஸ்டாஸ் நோய் விழிப்புணர்வு அமைப்பு போன்ற, குடும்பத்தில் இழப்பைச் சந்தித்தவர்களின் சங்கங்கள். அந்நாட்டில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்குத் தடை வந்தது 2024 மார்ச்சில்தான். விளம்பரச் சந்தையில் அவ்வளவு விலை போன நோய், சட்டமன்ற மாடங்களில் அவ்வளவு மெதுவாக நகர்ந்தது.

வாசகர் இவற்றை எப்படித் தரம் பிரிப்பார்? 1997இலேயே அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் சில்பெர்க்கும் உடன் எழுதியவர்களும் நான்கு அளவுகோல்களை வைத்தார்கள்: எழுதியவர் யார், ஆதாரம் எது, பணம் யாருடையது, தேதி என்ன. இன்றைக்கும் இதைவிடச் சுருக்கமான நல்ல பட்டியல் எனக்குத் தெரியவில்லை. ஜெனீவாவில் இயங்கிய ஹெல்த் ஆன் தி நெட் என்ற அமைப்பு, இத்தகைய விதிகளைக் கடைப்பிடிக்கும் தளங்களுக்கு முத்திரை கொடுத்துவந்தது. 2022இல் அந்தச் சேவை நின்றுபோனது. அதற்குள் நடுவர் வேலையைத் தேடுபொறிகள் எடுத்துக்கொண்டிருந்தன. 2018 ஆகஸ்டில் கூகுள் தன் வரிசைப்படுத்தும் முறையை மாற்றியபோது உடல்நலத் தளங்கள்தாம் அதிகம் மேலும் கீழும் புரண்டன.

அச்சமூட்டும் ஆய்வு ஒன்று உண்டு. 2002இல் ஸ்டான்ஃபோர்டில் பி. ஜே. ஃபாக்கின் குழு 2,600க்கும் மேற்பட்டவர்களிடம் இணையதளங்களைக் காட்டி, எதை நம்புகிறீர்கள், ஏன் என்று கேட்டது. ஏறத்தாழப் பாதிக் கருத்துகள் தளத்தின் தோற்றத்தைப் பற்றியவை. பார்வைக்கு நன்றாக இருக்கிறது, எனவே நம்பலாம். அதே சமயம் உடல்நலத் துறை வல்லுநர்களிடம் கேட்ட இணை ஆய்வில், அவர்கள் தோற்றத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் பெயரையும் ஆதாரத்தையும் பார்த்தார்கள். இதன் பொருள் வடிவமைப்பாளருக்கு இரு முனையிலும் வெட்டும். பணம் உள்ளவனின் பளபளப்பு உண்மையாகத் தோன்றும். நேர்மையான தொண்டு நிறுவனம் ஒழுங்கற்ற பக்கத்தோடு வந்தால் உண்மையும் பொய்யாகத் தோன்றும். ஆகவே அழகு ஆடம்பரம் என்று ஒதுக்குவது தவறு. நிதி தருபவரின் பெயரைத் தலைப்பிலேயே, உடல் எழுத்தின் அளவிலேயே போடுவதும், ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியாகச் சரிபார்த்த தேதியைக் காட்டுவதும் அழகின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

தேதி ஏன் என்பதற்கு இந்த நோயே சாட்சி. 2004இல் பெமட்ரெக்செட் மருந்து அங்கீகாரம் பெற்றது. சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை மட்டும் பெற்றவர்களுக்கு இடைநிலை ஆயுள் 9.3 மாதம் என்றால், இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 12.1 மாதம். 2020இல் நோயெதிர்ப்பு மருந்துகள் இரண்டைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்து அதை 18 மாதம் வரை கொண்டுபோனது. நுரையீரல் உறையை உரித்தெடுக்கும் பெரிய அறுவைச் சிகிச்சையைப் பல தளங்கள் நம்பிக்கையின் உச்சமாகக் காட்டிவந்தன. பிரிட்டனின் மார்ஸ் 2 ஆய்வின் முடிவு 2024இல் அச்சில் வந்தபோது, கீமோதெரபியோடு அந்த அறுவையும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு ஆயுள் கூடவில்லை, சிக்கல்கள்தாம் கூடின என்று தெரிந்தது. 2015இல் எழுதி அப்படியே விட்ட பக்கம் இன்று ஒரு குடும்பத்தைத் தவறான ஊருக்கு, தவறான செலவுக்கு அனுப்பிவைக்கும்.

எண்களைப் பற்றிப் பேச வேண்டுமானால் ஸ்டீவன் ஜே கூல்டை விட்டுவிட முடியாது. ஹார்வர்டில் புதைபடிவ ஆய்வாளராக இருந்த அவருக்கு 1982 ஜூலையில் வயிற்றறை மீசோதெலியோமா என்று தெரிந்தது, வயது நாற்பது. இதைப் பற்றி எதைப் படிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டார். படிக்கும்படி ஒன்றுமில்லை என்று நாசூக்காகச் சொல்லிவிட்டார் அவர். கூல்ட் நேரே மருத்துவ நூலகத்துக்குப் போனார். அங்கே கண்ட செய்தி: கண்டறிந்த பிறகு இடைநிலை ஆயுள் எட்டு மாதம். அவர் திகைத்தார், பிறகு யோசித்தார். எட்டு மாதம் என்றால் பாதிப் பேர் அதற்குள் இறக்கிறார்கள், மறுபாதி? அவர்களின் ஆயுள் வலப்பக்கம் நீண்ட வாலாகப் போகிறது, சிலருக்குப் பல ஆண்டுகள். இளமை, சீக்கிரம் கண்டறிந்தது, நல்ல சிகிச்சை ஆகியவற்றால் தான் அந்த வாலில் இருக்கக்கூடும் என்று கணக்கிட்டார். 1985இல் டிஸ்கவர் இதழில் இதை ஒரு கட்டுரையாக எழுதினார். இருபது ஆண்டு வாழ்ந்து 2002இல் வேறொரு புற்றுநோயால் இறந்தார்.

இந்தக் கதையை எல்லாத் தளங்களும் நம்பிக்கை மாத்திரையாகக் கொடுக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை; கூல்ட் விதிவிலக்கு, அவரே அதை அறிந்தவர். எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய முறையை. ‘ஓராண்டு’ என்ற ஒற்றை எண்ணைத் தடித்த எழுத்தில் முகப்பில் போடுவது கொடுமை. எண்ணையே மறைத்துச் சிரித்த படங்களை மட்டும் காட்டுவது ஏமாற்று. நூறு மனித உருவங்களை வரிசையாக வரைந்து, ஆறு மாதம், ஓராண்டு, ஐந்தாண்டு கழித்து எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று படிப்படியாகக் காட்டலாம். நுரையீரல் உறை, வயிற்றறை என்று பிரித்துக் காட்டலாம், இரண்டும் ஒரே வேகத்தில் போவதில்லை. அதையும் வாசகர் கேட்டால்தான் திறக்கும்படி வைக்க வேண்டும். அப்பாவின் நோயின் பெயரைத் தேடிய மகள் எல்லா எண்களையும் அந்த இரவே பார்க்க விரும்புவாள் என்று நாம் முடிவு செய்யக் கூடாது.

பிரிட்டன் தொழிலாளியை முன்னால் நிறுத்தியது. அங்கே நீல, பழுப்பு ஆஸ்பெஸ்டாஸுக்கு 1985இலும் வெள்ளைக்கு 1999இலும் தடை வந்தது. ஆனாலும் மீசோதெலியோமாவால் ஆண்டுக்கு 2,500 பேர் அளவில் இறந்துவந்தார்கள். தடைக்கு முன் கட்டிய கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. 2014இல் அந்நாட்டுத் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் 500 கைத்தொழிலாளர்களிடம் கேட்டுப் பார்த்தபோது, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் ஆஸ்பெஸ்டாஸிலிருந்து பாதுகாப்பு என்று நம்பியவர்கள் 14 சதவீதம். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்றவர்கள் 27 சதவீதம். பிளம்பர், எலக்ட்ரீஷியன், தச்சர். ஆபத்து இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்; கையால் என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. அந்த ஆண்டு நிர்வாகம் வெளியிட்ட இணையச் செயலி நோயைப் பற்றி நீட்டி முழக்கவில்லை. நீ என்ன வேலை செய்யப் போகிறாய், எந்த மாதிரி இடத்தில் என்று கேட்டு, அங்கே ஆஸ்பெஸ்டாஸ் எங்கே இருக்கக்கூடும், எப்படிக் கையாள்வது, எதைத் தொடாமல் விட்டு உரிமம் பெற்றவரை அழைப்பது என்று சொன்னது. நான் பார்த்த விழிப்புணர்வு வடிவங்களில் சிறந்தது இதுவே என்பேன். ஆஸ்திரேலியர்கள் இன்னொரு வழி கண்டார்கள். பெட்டி என்று செல்லப்பெயர் வைத்த நடமாடும் மாதிரி வீடு ஒன்றைக் கட்டி ஊர் ஊராக இழுத்துப் போய், குளியலறைச் சுவர், சமையலறைத் தரை, கூரை விளிம்பு என்று ஒவ்வொன்றையும் திறந்து காட்டினார்கள். வார விடுமுறையில் தானே வீட்டைப் புதுப்பிக்கும் குடும்பத்தவர்கள் நோயாளிகளாக வரத் தொடங்கியதன் விளைவு அது.

முகம் காட்டிய விழிப்புணர்வுக்கும் பிரிட்டனில் பெரிய முன்னுதாரணம் உண்டு. 1982 ஜூலையில் யார்க்ஷயர் தொலைக்காட்சி ஒரு ஆவணப்படம் ஒளிபரப்பியது. இளமையில் சில மாதங்கள் மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில் வேலை பார்த்து, நாற்பத்தேழு வயதில் மீசோதெலியோமாவோடு இருந்த ஆலிஸ் என்ற தாயின் கடைசி நாட்கள். அந்த ஒரு இரவு அரசைக் கட்டுப்பாடுகளைக் கடுமையாக்க வைத்தது; ஆஸ்பெஸ்டாஸ் நிறுவனப் பங்குகள் சரிந்தன. புள்ளிவிவரம் இருபது ஆண்டுகளாகச் செய்யாததை ஒரு முகம் செய்தது. ஆனால் இணையத்தில் போட்ட முகம் நிரந்தரம். நோயாளி இறந்த பிறகும் அவர் படம் நன்கொடைப் பொத்தானுக்கு மேலே சிரித்துக்கொண்டிருக்கும். ஒப்புதல் எத்தனை காலத்துக்கு, குடும்பம் கேட்டால் எடுத்துவிடுவார்களா என்பதை முன்பே எழுதி வைக்கும் தளங்கள் குறைவு.

இனி நம் பக்கம். இந்தியாவில் ஆஸ்பெஸ்டாஸ் வெட்டியெடுப்பதற்குத் தடை உண்டு. இறக்குமதிக்கும் பயன்பாட்டுக்கும் இல்லை. பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்து, ஆண்டுக்கு மூன்று லட்சம் டன்னுக்கு மேல் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது. சிமெண்ட் ஷீட்டாகிக் கூரை ஏறுகிறது. இலங்கை தடைக்கு நாள் குறித்தது; 2018 ஜனவரியில் அது தொடங்குவதாக இருந்தது. 2017 டிசம்பரில், ஒரு பெட்டியில் வண்டு இருந்தது என்று சொல்லி ரஷ்யா சிலோன் தேயிலை இறக்குமதியை நிறுத்தியது. கொழும்பு ஆஸ்பெஸ்டாஸ் தடையைத் தள்ளிவைத்தது; தேயிலைத் தடையும் நீங்கியது. மலையகத்தில் பறிக்கும் கொழுந்துக்கும் பறிப்பவரின் கூரைக்கும் உள்ள இந்தத் தொடர்பைச் சொல்லும் தமிழ்ப் பக்கம் ஒன்று இருந்தால் அது நன்றாக வாசிக்கப்படும்.

தமிழில் இந்தத் தளத்தை வடிவமைப்பவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது: இந்த ஷீட் நம் ஊரில் வில்லனாக வரவில்லை. 2004 ஜூலையில் கும்பகோணத்தில் பள்ளியின் கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் இறந்த பிறகு கீற்று என்றாலே நடுக்கம் வந்தது. தீப்பிடிக்காத, தகரம் போலக் கொதிக்காத, கையிருப்புக்கு எட்டிய கூரை என்ற நற்பெயரோடு வந்தது இது. அதன் கீழ் வாழ்பவரிடம் ‘உங்கள் தலைமேல் மரணம்’ என்று முகப்பில் எழுதுவது அநியாயம், உண்மையும் இல்லை. உடையாமல் கிடக்கும் ஷீட்டில் இழைகள் சிமெண்டில் சிக்கியிருக்கின்றன. அதன் கீழ் உறங்குவதால் வரும் ஆபத்து சிறிது. அறுக்கும்போதும், ஜே போல்ட்டுக்குத் துளையிடும்போதும், உடைக்கும்போதும், உடைந்ததைக் காய்ந்த துடைப்பத்தால் கூட்டும்போதும்தான் இழை காற்றில் எழுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்கிறது. வெள்ளை வகையைப் பாதுகாப்பாகக் கையாளலாம் என்று தொழில்துறைத் தளங்கள் எதிர்வாதம் வைக்கின்றன. கட்டுப்பாடான ஆலைக்குள் அது எப்படியோ, தெருவோரத்தில் வட்ட ரம்பத்தால் ஷீட் அறுக்கும் தொழிலாளியை ஒருமுறை பார்த்தவருக்கு அந்த எதிர்வாதம் எடுபடாது.

எனவே தமிழ்ப் பக்கம் கூரையில் தொடங்க வேண்டும். உங்கள் வீட்டில் ஷீட் போட்டிருக்கிறதா? போடப் போகிறீர்களா, பிரிக்கப் போகிறீர்களா, புயலில் உடைந்ததா? இந்த நான்கு பொத்தான்கள் போதும். தானே, வர்தா, கஜா என்று ஒவ்வொரு புயலுக்கும் பின் வீதிகளில் உடைந்த ஷீட் குவிகிறது. அதன் துண்டுகள் கோழிக்கூண்டுக்கு மூடியாகவும், தண்ணீர்த் தொட்டிக்கு மேலும், சேற்றில் கால் வைக்கப் படியாகவும் போகின்றன. தண்ணீர் விட்டு நனைத்த பிறகு எடு, முழுதாகக் கழற்று, போட்டு உடைக்காதே, தூளைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து எடு, கைக்குட்டை கட்டுவது போதாது, வேலைத் துணியைத் தனியாக நனைத்துத் துவை, குழந்தைகளை அப்பால் அனுப்பு. ஒவ்வொன்றும் ஒரு படம், ஒரு வரி, இருபது நொடிக் குரல். தொழிலாளியின் கையில் இருக்கும் கைப்பேசியின் தேய்ந்த திரையில், வெயிலில், தெரிய வேண்டும். எழுத்துக்கும் பின்புலத்துக்கும் மாறுபாடு 4.5க்கு 1 என்ற உலக வரையறை இங்கே குறைந்தபட்சம். வாட்ஸ்அப்பில் பக்கத்தின் முகவரி போவதைவிடப் படமே போகும். ஆகவே ஒவ்வொரு படத்துக்குள்ளும் வெளியிட்டவரின் பெயரும் தேதியும் பதிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் அது ஊர்பேர் இல்லாத வதந்திகளில் ஒன்றாகிவிடும்.

புகைப்பிடித்தலுக்கு ஒரு தனிப் பக்கம் தேவை. மீசோதெலியோமாவுக்குப் புகை காரணமில்லை. ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் தூசியும் பீடியும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோயின் ஆபத்து பல மடங்காகிறது. இழையை வெளியே எடுக்க முடியாது, பீடியை நிறுத்த முடியும். ஏற்கனவே தூசியில் இருந்துவிட்ட மனிதர் தன் உடம்புக்காகச் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் அதுதான்.

மருத்துவர்களுக்கும் ஒரு மூலை வேண்டும். நம் ஊரில் நெஞ்சில் நீர் கோத்தால் முதலில் காசநோயைச் சந்தேகிப்பது இயல்பு, நியாயமும்கூட. அந்த மருந்துக்குப் பிறகும் நீர் திரும்பத் திரும்பக் கோத்தால், ‘முப்பது வருஷத்துக்கு முன்னால் என்ன வேலை பார்த்தீர்கள்?’ என்ற கேள்வி எழ வேண்டும். அது எழாததும், உறையிலிருந்து திசு எடுத்துச் சிறப்புச் சாயச் சோதனை செய்யும் வசதி எல்லா இடத்திலும் இல்லாததும் சேர்ந்துதான் நம் பதிவேடுகளில் இந்நோய் இவ்வளவு அரிதாகத் தெரிகிறது. நோயே இல்லை என்று வாதிடுபவர்களுக்கு அந்த வெற்றுக் கட்டம் சாட்சியாகப் போகிறது.

இதற்கெல்லாம் பணம்? அமெரிக்க வழி இங்கே அடைத்திருக்கிறது. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதி 36 வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. 2008க்குப் பிறகு பெயர், முகவரி, தகுதி போன்ற விவரங்களைத் தளத்தில் போடலாம், அவ்வளவே. துரத்துவதற்குப் பெரிய தொகையும் இல்லை. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தபோது, பாதிக்கப்பட்டவருக்கு விதித்த ஈட்டுத்தொகை ஒரு லட்சம் ரூபாய். நோயாளி யாருக்கும் இலாபம் தராத இடத்தில் தளமும் பிறக்கவில்லை. அங்கே குவிந்ததற்கும் இங்கே இல்லாததற்கும் காரணம் ஒன்று என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

ஆனால் வேறு பணம் இருக்கிறது. ஒவ்வொரு பெரிய கட்டடத்தின் செலவிலும் ஒரு சதவீதம் செஸ் வரியாகக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்குப் போகிறது. வாரியத்தில் பதிந்த தொழிலாளியின் கைப்பேசி எண்ணும் தொழிலும் அங்கே பதிவாகியிருக்கின்றன. ஷீட் வேலை செய்பவர்களுக்கு மட்டும், மழைக்காலம் தொடங்கும் முன், அந்தப் படங்களை அனுப்ப அந்த நிதியில் ஒரு துளி போதும். அரசு தளம் என்றாலே அமைச்சர் படமும், திறக்காத பிடிஎஃப் கோப்பும் என்ற பழக்கத்தை மட்டும் விட வேண்டியிருக்கும்.

அந்தத் தளத்தில் நான் கட்டாயம் வைக்கச் சொல்வது ஒரு படிவம். 1995 தீர்ப்பு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டதிலிருந்து 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை ஆலை காக்க வேண்டும் என்றது. ஆலை மூடிவிட்டால், பெயர் மாறிவிட்டால், ஒப்பந்தக்காரர் காணாமல் போய்விட்டால் பதிவேடு எங்கே? தினக்கூலிக்கு ஷீட் போட்டவருக்குப் பதிவேடே கிடையாது. தொழில்சார் நோய் என்று ஈடு கேட்கும் நாளில் அவர் காட்ட வேண்டியது அந்த வரலாறு. ஒரு பக்கப் படிவம்: எந்த ஊர், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, என்ன வேலை, மேஸ்திரி அல்லது நிறுவனத்தின் பெயர், கூட வேலை பார்த்த இருவர். எந்தச் சர்வருக்கும் போகாமல், தொழிலாளியின் கைப்பேசியிலேயே நிரப்பி, தெருமுனை ஜெராக்ஸ் கடையில் இரண்டு ரூபாய்க்கு அச்செடுத்து, குடும்ப அட்டையோடு வைத்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும். அதன் கீழே மனைவிக்கும் ஒரு வரி: துணி துவைத்தது யார், எத்தனை ஆண்டு.